கிட்டங்கியில் அள்ளினால் ஆற்றுவாழை தீராது

மாரி பிறந்தால் கல்முனைக்கும் சவளக்கடைக்கும் இடையில் இதே பேச்சுத்தான். கிட்டங்கித் தாம்போதியில் ஆற்றுவாழை முட்டிவிட்டது, தண்ணீர் வீதிக்கு மேலால் பாய்கிறது, பெக்கோவைக் கூப்பிடுங்கள் என்பார்கள். பெக்கோ வந்து அள்ளும், வீதி திறக்கும், பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் நம்புவோம். அந்த நம்பிக்கை பிழையானது.

அள்ளுவதைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வாளி மேலே எழும்போது கொத்துக்கொத்தாகச் செடி திரும்பத் தண்ணீரில் விழுகிறது. பொதுபொதுவென்று காற்று நிறைந்த காம்பு, கறுத்த இறகு போன்ற வேர், பக்கவாட்டில் நீளும் தண்டு, அதன் நுனியில் ஒரு குட்டிச் செடி. இப்படி விழுந்த ஒரு துண்டே போதும். சத்துள்ள நீரில் இரண்டு வாரத்துக்குள்ளேயே செடி இரட்டிப்பாகும். பூத்து உதிர்ந்த விதையோ சேற்றுக்குள் 15 ஆண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். வாளி எட்டுவது மிதப்பதை மட்டும்தான். அள்ளியதையும் பெரும்பாலும் கரையிலேயே குவிக்கிறோம். அடுத்த மழை அதைத் திரும்ப ஆற்றுக்குள் தள்ளிவிடுகிறது.

"வெள்ளம் வந்தால் தானாகக் கடலுக்குப் போய்விடும்" என்பது அடுத்த வாதம். இதில் பாதி உண்மை உண்டு. ஆற்றுவாழை உப்பைத் தாங்காது; இங்கிருந்து மட்டக்களப்பு வாவிப் பக்கம் இறங்கி உவர்நீரைத் தொட்டதும் கருகி அழுகும். ஆனால் மேலே நன்னீர்க் குளங்களிலும் வடிச்சல் வாய்க்கால்களிலும் தாய்ச்செடி அப்படியே இருக்கிறது. வெள்ளம் அடித்து வருவது அதன் பிள்ளைகளைத்தான். போகிற வழியில் அவை மதகுக் கண்களை அடைத்து, தாம்போதிக்கு மேலே ஓடும் நீரை இன்னும் உயர்த்துகின்றன. 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் மத்ரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துச் சென்றது. அதற்குக் காரணம் ஆற்றுவாழை என்று நான் சொல்லவரவில்லை. வீதிக்கு மேலே ஓடும் நீர் ஒரு சாண் கூடினாலும் என்ன ஆகும் என்பதை அந்த நாளுக்குப் பிறகு இந்தக் கரையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

"அது தண்ணீரைச் சுத்தமாக்குகிறது, பசளையாகவும் உதவும்" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். கல்லோயா வயல்களிலிருந்து வடியும் யூரியாவையும் ஊர்க் கழிவையும் அது உறிஞ்சுவது மெய். எடுக்காமல் விட்டால் அங்கேயே அழுகி, உறிஞ்சியதை எல்லாம் திரும்பக் கொடுக்கும். விரிப்புக்குக் கீழே வெளிச்சம் இல்லை, ஒட்சிசன் குறைகிறது, மீன் நிற்காது. வீச்சுவலை போட இடமும் இல்லை. யானைக்கால் நோயைப் பரப்பும் ஒருவகை நுளம்பின் புழு இதன் வேரில் ஒட்டித்தான் மூச்சு வாங்குகிறது. பசளை செய்யலாம், மறுக்கவில்லை. ஆனால் செடியின் எடையில் 100க்கு 90 பங்குக்கு மேல் தண்ணீர். அதை லொறியில் தூர ஏற்றினால் டீசல் செலவுக்கே கட்டாது. கரையிலிருந்து சற்று உள்ளே, மேட்டுநிலத்தில் காயவைத்து மக்கச் செய்வதே முறை. நகரக் கழிவு கலக்கும் இடத்துச் செடியில் பார உலோகம் சேரும் என்பதால் அதை மரக்கறித் தோட்டத்துக்குப் போடக்கூடாது.

"வேறு வழி இல்லை" என்பவர்களுக்கு இந்த நாட்டின் அனுபவமே பதில். பூவின் அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட இச்செடியை அடக்க 1909இலேயே இலங்கையில் தனிச்சட்டம் போட்டார்கள். சட்டத்துக்குச் செடி பணியவில்லை. அதேவேளை 1939இல் வந்த சல்வீனியா என்ற இன்னொரு நீர்க்களையை, 1986இல் விடப்பட்ட சிறு கூன்வண்டு ஒன்று குளம் குளமாக அடக்கிக் காட்டியது. ஆற்றுவாழையைத் தின்னும் கூன்வண்டையும் 1988இல் விட்டார்கள். அந்த அளவு வெற்றி கிடைக்கவில்லை. காரணம் தேடினால் திரும்பவும் நீரின் சத்துக்கே வருவோம். வண்டு தின்பதைவிட வேகமாகச் செடி தழைக்கும் நீரை நாம்தான் கொடுக்கிறோம். களைநாசினி அடிப்பதையோ நான் ஏற்கவே மாட்டேன். செத்த செடி அடியில் படிந்து அழுகும், மீனும் சாகும்.

ஆகவே கேட்க வேண்டியது இதுதான். பெக்கோ வரவேண்டிய மாதம் டிசம்பர் அல்ல. நீர் வற்றிச் செடி ஓரத்தில் ஒதுங்கும் ஓகஸ்ட், செப்டெம்பர். வரவேண்டிய இடமும் தாம்போதி அல்ல, மேலே உள்ள குளங்களும் வாய்க்கால்களும். கல்முனை மாநகர சபை ஒரு கரையையும் நாவிதன்வெளிப் பிரதேச சபை மறுகரையையும் தனித்தனியே பார்க்காமல், நீர்ப்பாசனத் திணைக்களத்தோடு ஒரே திட்டமாகச் செய்யவேண்டும். வெறுமையான நன்னீர்க் கரையில் மருதும் பன்னும், உவர்நீர்ப் பக்கம் கண்டலும் நட்டால், வட்டையிலிருந்து வடியும் பசளையில் ஒரு பங்கு ஆற்றைச் சேரமுன்பே பிடிபடும். பன் வளர்ந்தால் பாய் இழைக்கும் பெண்களுக்கும் வேலை உண்டு. அள்ளிய பிறகு சேற்றிலிருந்து முளைக்கும் குட்டிகளை மாதாமாதம் கையால் பிடுங்க ஆள் வேண்டும். எந்த மூலையில் முதலில் முளைக்கும் என்று தோணிக்காரர்களுக்குத் தெரியும். அந்த வேலைக்கு அவர்களுக்கு நாட்கூலி கொடுங்கள்.