மண்ணுக்குள் இருப்பது எவர் சொத்து?

நுவரெலியாவில் பொன் உண்டு என்னும் பேச்சுப் புதிதன்று. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1855இல் வெளியிட்ட நூலிலேயே அதைக் குறித்துள்ளார். பொன் தேடியோர் போயினர், தேயிலை வந்தது. அதைப் பொன்னாக்கியவை நம் தொழிலாளரின் கைகள்!

1971இல் சேருவிலவில் செம்புத்தாது கண்டறியப்பட்டது. செம்புக்கும் வெள்ளிக்கும் பொன்னுக்கும் உலகெங்கும் தேவை பெருகும் இந்நாளில், துளையிடும் பொறி நாளை எந்த மலையில் ஏறும் என்று எவர் சொல்லவல்லார்?

சட்டம் என்ன கூறுகின்றது? 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி, நிலம் எவருடையதாயினும் அதனுள் உள்ள கனிப்பொருள் யாவும் குடியரசுக்கே உரியன. ஆயினும், காணி உறுதி உள்ளவன் அதைக் காட்டி நட்டஈடு கேட்டு வாதாடலாம். லயத்து அறையில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவன் எதைக் காட்டுவான்? 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளின் கைக்கு மாறியது. இரு கைமாற்றங்களிலும் தொழிலாளிக்குக் கிட்டிய நிலம் எவ்வளவு? ஏழு பேர்ச்சஸ் திட்டமும் இன்னும் எல்லாக் குடும்பங்களையும் எட்டவில்லை.

"ஆய்வுதானே, அகழ்வு அன்றே" என்பார் உளர். எப்பாவலப் பொஸ்பேற்றுப் படிவத்தை அந்நியக் கம்பனிக்கு அளிக்க அரசு முனைந்தபோது, ஆய்வும் அகழ்வும் ஒரே உடன்படிக்கைக்குள் அடங்கியிருந்தன. அவ்வூர் விவசாயிகளும் ஒரு பௌத்த துறவியும் உயர் நீதிமன்றம் சென்றனர். 2000ஆம் ஆண்டில் தீர்ப்புக் கிடைத்தது: முழுமையான ஆய்வும் சுற்றாடல் மதிப்பீடும் முடியுமுன் உடன்படிக்கை கூடாது, நாட்டின் இயற்கை வளத்துக்கு அரசு மக்களின் பொறுப்பாளரே. சிங்கள உழவர் வென்றெடுத்த இந்நியாயம் நமக்கும் உரியதன்றோ?

நாம் ஆய்வை எதிர்ப்போர் அல்லோம். வளம் உண்டெனில் நாடு அறியட்டும். ஆனால் மூன்றைக் கேட்கின்றோம். பொறி ஏறுமுன் காணி உறுதி வேண்டும். ஆய்வின் விவரம் தமிழில் தோட்டந்தோறும் அறிவிக்கப்பட வேண்டும். ஊற்றுக்கும் சரிவுக்கும் நேரும் கேட்டை முன்னரே அளந்து காட்ட வேண்டும். 2014இல் மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்களை விழுங்கியதை மறந்தோர் எவர்?

சட்டம் அறிந்தோரே, தோட்டங்களுக்குச் செல்லுங்கள். உழவர்களே, எப்பாவலையை நினையுங்கள். பொன் கிடைத்த பின் உரிமை கேட்பவனுக்குக் கிடைப்பது வெறும் குழியே!