பிறர் நஷ்டத்திற்கும் காப்பு வேண்டும்

சரக்கிற்குத் தீ இன்ஷூரன்ஸ் எடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று சங்க அங்கத்தினர் பலர் கருதுகின்றனர். அது தவறு. தீ பாலிசி சங்கத்தின் நூலுக்கும் துணிக்குமே ஈடு தரும். நம்மால் பிறருக்கு நேரும் தீங்கை அது ஏற்காது.

சாயச்சாலையை எண்ணிப் பாருங்கள். கொதிக்கும் தொட்டியும் காஸ்டிக் சோடாவும் அங்கே உள்ளன. ஹைட்ரோஸ் ஈரம் பட்டால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது. அண்டை வீட்டாரோ, நூல் கொணர்ந்த வண்டிக்காரரோ காயமுற்றால் சங்கத்தின் சேமநிதியே கரையும். இதற்கென உள்ளது பொதுப் பொறுப்பு இன்ஷூரன்ஸ். ஆயின், சங்கத்தின் தொழிலாளர் அதில் அடங்கார். வேலையில் காயமுற்றோர்க்கு ஈடு தருவது 1923 முதல் சட்டம் முதலாளிக்கு விதித்த கடமை. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் சேராத சங்கம் அதற்குத் தனிப் பாலிசி எடுத்தல் நலம்.

நிர்வாகக் கமிட்டி பிரீமியத்தை மட்டும் பார்த்து முடிவு செய்தல் கூடாது. ஒரு விபத்துக்கு உச்சவரம்பு எவ்வளவு? ஆண்டு முழுவதற்கும் எவ்வளவு? சங்கம் தானே ஏற்கவேண்டிய பகுதி யாது? சாயக் கழிவுநீரால் கிணறு கெட்டால் ஈடு உண்டா? இவற்றை எழுத்து மூலம் கேட்டறிய வேண்டும்.

கடைசிக் கேள்வியே தலையாயது. சாதாரணப் பாலிசிகள் மாசினால் வரும் நஷ்டத்தை விலக்கிவிடுவதுண்டு. கூடுதல் பிரீமியம் செலுத்தினாலும் திடீர் விபத்துக்கே ஈடு கிட்டும். நாள்தோறும் வாய்க்காலில் விடும் கழிவுக்கு அன்று. திருப்பூர்ச் சாயக்கழிவால் நொய்யல் பாசன உழவர் நிலமிழந்து வாடியதையும், 2011-இல் உயர்நீதிமன்றம் சாயச்சாலைகளை மூட உத்தரவிட்டதையும் நாம் மறக்கலாகாது. இன்ஷூரன்ஸ் விபத்துக்குக் காப்பு. பொறுப்பின்மைக்குக் காப்பு அன்று. நெய்வோரும் பயிரிடுவோரும் ஒருங்கே வாழும் ஊர்களில் இதனை முதலில் உணரவேண்டியவர் நாமே.