கிழவி வேஷம் பூண்ட யுவதி

வீட்டுப் பெரியவர் கைபேசியில் எதையோ அழுத்திவிட்டுத் திகைத்து நின்றால், "உங்களுக்கு இதெல்லாம் வராது" என்று சொல்லிப் பிள்ளைகள் அதைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். குற்றம் பெரியவரிடமா, யந்திரத்தினிடமா என்று எவரும் விசாரிப்பதில்லை.

விசாரித்தவர் ஒருவர் உண்டு. நியூயார்க் நகரில், ரேமண்ட் லோயியின் பிரசித்தி பெற்ற வடிவமைப்பு நிலையத்தில் பாட்ரிசியா மூர் என்னும் யுவதி வேலை பார்த்தார். கீல்வாதம் கண்ட கையாலும் திறக்கும்படி குளிர்சாதனப் பெட்டியின் கதவை அமைக்கலாகாதா என்று அவர் ஒரு நாள் கேட்டார். அத்தகையோருக்காக நாம் எதுவும் செய்வதில்லை என்று பதில் வந்தது.

1979-ஆம் ஆண்டில், தமது 26-ஆம் வயதில், அவர் கிழவி வேஷம் பூண்டார். பார்வையை மங்கச் செய்துகொண்டார், காதை அடைத்துக்கொண்டார், முழங்கால் மடங்காதபடி கட்டிக்கொண்டார். 1982 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களில் இவ்வாறு நடமாடி, முதுமையின் சிரமங்களைத் தம் உடம்பினாலேயே கற்றார்.

வகுப்பில் பலருக்கு ஒரு பாடம் விளங்காவிடில், நல்ல உபாத்தியாயர் பாடத்தைத்தான் மாற்றிச் சொல்வார். யந்திரம் செய்வோருக்கும் இந்த நியாயம் பொருந்தாதா? எழுத்துப் பெரிதாக இருக்கட்டும். பொத்தான்கள் ஒன்றையொன்று நெருக்காமல் இருக்கட்டும். தவறி அழுத்தினால் திரும்பி வர வழி இருக்கட்டும்.

அதுவரையில், தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விரலாலேயே அழுத்தச் சொல்லுங்கள். உங்களுக்கு எழுத்துக் கற்பித்த நாளில் அவர் உங்கள் கையைப் பிடித்தாரேயன்றிச் சிலேட்டைப் பிடுங்கவில்லை.