நந்தனுக்கு ஆண்டை வந்த கதை

நந்தனார் கீர்த்தனையை அறியாத இசைமேடை உண்டோ? தில்லை காண விடை கேட்டு ஆண்டையின் முன் கைகட்டி நிற்கிறான் பண்ணையாள். அவையோர் கண்ணீர் உகுக்கின்றனர். பக்தியின் முன் சாதி பொடிப்பொடியாயிற்று என்று விளக்கம் செப்புகின்றனர் விற்பன்னர். நாம் கேட்கிறோம்: யார் அந்த ஆண்டை? எந்த ஏட்டிலே இருக்கிறார்?

சுந்தரர் தந்தது திருநாளைப்போவார் என்னும் பெயர் மட்டுமே. நம்பியாண்டார் நம்பி ஆதனூரையும் குலத்தையும் சேர்த்தார். தில்லை மூவாயிரவர் கைகூப்ப முனிவரானார் என்றார். தீயைப் பற்றிப் பேச்சில்லை. 12ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் எழுதினார், தீ மூண்டது, உள்ளே சென்றவர் பூணூல் மார்போடு வெளிவந்தார். வந்த கோலத்திலேயே வரவேற்க ஆண்டவனுக்கும் மனமில்லை போலும்! ஆனால் அந்தப் பெரியபுராணத்திலும் ஆண்டை இல்லை, தோழர்களே. பேரிகைக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்த தொண்டர் அவர். அத்தொழிலுக்கென ஊர் விட்ட நிலமே அவருக்குச் சோறு போட்டது. பறைத்துடவை என்று அதற்குப் பெயரும் சொல்கிறார் சேக்கிழார்.

நிலம் வைத்திருந்த நந்தன் எப்போது பண்ணையாள் ஆனான்?

19ஆம் நூற்றாண்டிலே! கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனை இயற்றியபோது, வேதியர் ஒருவரைப் படைத்து, வயல் வேலை முடிந்தாலன்றி விடையில்லை என்று சொல்ல வைத்தார். கற்பனைதான். எனினும் காவிரிக் கரையிலே வாழ்ந்த அவர் அந்த ஆண்டைக்காக வானுலகில் தேடி அலையவேண்டியதில்லை. அடிமையுரிமையை நீதிமன்றம் ஏற்காது என்று 1843-இல் சட்டம் வந்த பிறகும், தஞ்சைத் தரணியில் பண்ணையாள் முறை சாகவில்லை. ஆகவே அப்பாட்டு நாயன்மார் காலத்துக்குச் சான்றாகாது. பாடியவர் காலத்துக்கோ அசைக்கமுடியாத சான்று! விற்பன்னர் விழுங்கிவிடுவது இதைத்தான்.

கீர்த்தனையிலே இரவோடு இரவாகப் பூதகணங்கள் வயலை முடித்துக் கொடுத்தன. ஆண்டை மனம் மாறி அடிபணிந்தார். பூதகணம் எட்டிப்பாராத பண்ணைகளிலே? தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952-இல். ஆலயக் கதவு 1947-இல் சட்டத்தால் திறந்தது, தீக்குளித்ததால் அன்று.

1935-இல் கே. பி. சுந்தராம்பாளும் 1942-இல் தண்டபாணி தேசிகரும் திரையிலே நந்தனாராகப் பாடினர். குரல் இனிமையை நாம் மறுக்கவில்லை. கேட்டு மகிழ்ந்தவர்களே நாமும். இசைக்குத் தலையசைக்கலாம், கதைக்குமா?

பள்ளி விழாவிலே இந்நாடகம் நடத்தும் ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு சொல். ஆதனூர் நந்தனுக்கு நிலம் இருந்ததையும், ஆண்டை பிற்காலத்தில் நுழைந்ததையும் பாட்டோடு சேர்த்தே கற்பியுங்கள். கூனிக் குறுகிக் கைகட்டி நிற்கும் வேடத்துக்கு எந்தத் தெருச் சிறுவனைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதையும் ஒருகணம் எண்ணிப் பாருங்கள்.