நிற்கிற கூலி அன்றே வரட்டும்

தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் வளர்ந்த நம் பிள்ளைகள் சிலர் இன்று 'பிராண்ட் அம்பாசிடர்' வேலைக்குப் போகிறார்கள். பெயர் பெரிது. வேலை என்னவோ, கோரேகாவ் நெஸ்கோ கண்காட்சியிலும் மால்களிலும் சீருடை அணிந்து நாள் முழுக்க நின்று, ஒரு கம்பெனியின் சரக்கைப் பற்றி வருவோர் போவோரிடம் பேசுவது. தமிழோடு மராத்தி, இந்தி பேசும் நம் பிள்ளைகள் இதற்குச் சளைத்தவர்களல்லர். போகட்டும், வரவேற்கிறோம்.

பெரும்பாலும் ஆள் எடுப்பது கம்பெனி அல்ல, ஏஜென்சி. அதற்கும் கீழே ஒரு கோஆர்டினேட்டர். நம் பாட்டன்மாரை வேலைக்குக் கூட்டிவந்த மேஸ்திரியின் பேரன்தான் இவர் என்றால் கோபித்துக்கொள்வார்! வாட்ஸ்அப்பில் புகைப்படமும் உயரமும் கேட்பார், அது வழக்கம். 'பதிவுக் கட்டணம்' கேட்டால் ஒரு காசும் கொடுக்காதீர்கள். கூலி, நேரம், சாப்பாடு, இரவில் வீடு திரும்பும் செலவு, எல்லாவற்றையும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

'கம்பெனி கொடுத்தால் தருகிறோம்' என்று 60 நாள் இழுப்பது இத்தொழிலின் நோய். 2025 நவம்பர் 21 முதல் நடப்பிலுள்ள ஊதியச் சட்டத் தொகுப்போ, நாட்கூலியை அன்றைய வேலை முடியும்போதே தரச் சொல்கிறது. இதைத் தட்டிக்கழிக்கத்தான் 'ஃப்ரீலான்சர்' என்று கையெழுத்து வாங்குகிறார்கள். படித்துப் பார்க்காமல் போடாதீர்கள்.

பெண் பிள்ளைகளுக்கு ஒன்று: 2013ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் தினக்கூலிக்கு வருபவருக்கும் உண்டு.

கூலி பாக்கிக்கு மூன்றாண்டுக்குள் மனுச் செய்யலாம். வேலைக்கு அழைத்த செய்தியையும் சீருடையில் எடுத்த படத்தையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். தொழிலாளர் அலுவலகத்துக்குச் சேர்ந்தே போவோம்.