போரேகோ பள்ளத்தாக்கின் நீர்க்கணக்கு

சான் டியேகோ நகரிலிருந்து வடகிழக்கே இரண்டு மணி நேரம் மலைப்பாதையில் சென்றால், ஒரு வளைவில் மலை சட்டென்று முடிந்து கீழே போரேகோ பள்ளத்தாக்கு விரிகிறது. நல்ல மழை பெய்த ஆண்டுகளின் வசந்தத்தில் பாலைப்பூக்களைக் காணக் கூட்டம் அலைமோதும் இடம் அது. 2017இலும் 2019இலும் அப்படித்தான் நடந்தது. நானும் பூப் பார்க்கப் போனவன்தான். ஆனால் மேலிருந்து நோக்கியபோது கண்ணை இழுத்தது பூவன்று. வெளிறிய மணல்வெளியின் வடபுறத்தில், யாரோ அளவெடுத்து வெட்டி ஒட்டியதுபோல் அடர்பச்சைச் சதுரங்கள். கிரேப்ஃப்ரூட், எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ ஆறங்குல மழை பெறும் நிலத்தில் இந்தப் பச்சை எங்கிருந்து வந்தது என்று கேட்பவருக்கு ஒரே விடைதான் உண்டு: அடியிலிருந்து.

இந்தப் பள்ளத்தாக்குக்கு வெளியிலிருந்து ஒரு சொட்டு நீரும் வருவதில்லை. கலிஃபோர்னியாவின் புகழ்பெற்ற கால்வாய்கள் எதுவும் இதை எட்டவில்லை. சுற்றிலும் ஆறு லட்சம் ஏக்கர் பரப்பில் மாநிலத்தின் மிகப் பெரிய பூங்காவான ஆன்சா-போரேகோ பாலைவனம். நடுவில் சில ஆயிரம் பேர் வாழும் ஒரு சிற்றூர், அதைச் சுற்றிச் சில கோல்ஃப் மைதானங்கள், தோட்டங்கள். எல்லாருக்கும் ஒரே நிலத்தடித் தொட்டி. அதிலிருந்து எடுக்கப்பட்டதில் பத்தில் ஏழு பங்கு தோட்டங்களுக்கும், ஏறத்தாழ இரண்டு பங்கு கோல்ஃப் புல்லுக்கும் போயின. ஊரார் குடித்ததும் குளித்ததும் எஞ்சிய ஒரு பங்கில்தான்.

ஆங்கிலத்தில் இதற்கு வங்கியாளரின் சொல்லையே எடுத்தாள்கிறார்கள்: ஓவர்டிராஃப்ட். கணக்கில் இருப்பதற்கு மேல் எடுப்பது. வங்கியாவது கடிதம் போடும். நிலம் கடிதம் போடுவதில்லை. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்திலிருந்தே இங்கு இறைப்பு நடக்கிறது. முதலில் திராட்சை, சீசர் சாவேஸின் தொழிற்சங்கப் போராட்டம் 1966இல் இந்தத் திராட்சைத் தோட்டங்களையும் எட்டியது. பின்னர் எலுமிச்சை இனங்கள். இதற்குள் வடபகுதிக் கிணறுகளில் நீர்மட்டம் சில இடங்களில் நூறு அடிக்கும் மேல் இறங்கிவிட்டது.

2014இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட சட்டம், மாநிலத்தின் நிலத்தடி நீருக்கு முதல் முறையாகக் கணக்குக் கேட்டது. கடுமையாகச் சுரண்டப்பட்ட நீர்ப்படுகைகள் 2040க்குள் வரவையும் செலவையும் சமன் செய்தாக வேண்டும். போரேகோ அந்தப் பட்டியலில் இருந்தது. ஊரின் நீர் வாரியமும் தோட்டக்காரர்களும் கோல்ஃப் மைதானத்தாரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்து, அதை நீதிமன்றத்திடம் கொண்டுபோய் 2021 ஏப்ரலில் தீர்ப்பாகவே பெற்றுக்கொண்டார்கள். ஆண்டுக்கு 5,700 ஏக்கர்-அடிதான் எடுக்கலாம் என்பது அவர்கள் தொடக்கத்தில் வகுத்த எல்லை. லிட்டரில் சொன்னால் சுமார் எழுநூறு கோடி. எடுத்துக்கொண்டிருந்ததோ அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். காலந்தோறும் மறு ஆய்வு செய்து எல்லையைத் திருத்தவும் தீர்ப்பில் இடமுண்டு.

இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஓர் எண், ஒரு கெடு, ஒவ்வொரு பெருங்கிணற்றிலும் ஒரு மீட்டர். நீர் பற்றிய பேச்சு பெரும்பாலும் உருக்கமாகத் தொடங்கி உருக்கமாகவே முடிந்துவிடுகிற உலகில் இது பெரிய காரியம். என் மனக்குறை வேறிடத்தில் இருக்கிறது.

குறைக்க வேண்டும் என்றால் யார், எதிலிருந்து குறைப்பது? 2010 முதல் 2014 வரையிலான ஐந்தாண்டுகளில் ஒருவர் எந்த ஆண்டில் மிக அதிகமாக இறைத்தாரோ, அந்த அளவே அவரது அடிப்படை உரிமை என்று வகுத்தார்கள். எல்லாருடைய உச்சங்களையும் கூட்டியபோது 24,293 ஏக்கர்-அடி வந்தது. எல்லாரும் ஒரே ஆண்டில் உச்சத்தைத் தொடுவதில்லை. ஆகவே இந்தக் கூட்டுத்தொகை உண்மையான ஆண்டு இறைப்பைவிடப் பெரியது. முதல் சில ஆண்டுகளின் வெட்டு கணிசமான அளவுக்குக் காகிதத்தின் மேல் விழுந்ததே ஒழிய மோட்டாரின் மேல் அல்ல. அது போகட்டும். தொட்டியை வற்ற வைத்ததில் பெரும்பங்கு வகித்தவருக்கே எஞ்சிய நீரிலும் பெரும்பங்கு என்பதை எப்படி ஏற்பது? சிக்கனமாக இருந்தவன் தன் சிக்கனத்துக்காகவே சிறிய பங்கைப் பெறுகிறான். அந்த உரிமையை விற்கலாம், வாங்கலாம். குடியிருப்புகளுக்கு நீர் போதாவிட்டால் நீர் வாரியம் அதைத் தோட்டக்காரரிடமிருந்து விலைக்கு வாங்க வேண்டும். பணம் வருமானம் குறைந்த அவ்வூர் மக்களின் தண்ணீர்க் கட்டணத்திலிருந்தோ அரசு மானியத்திலிருந்தோ வர வேண்டும். வீட்டு உபயோகமே முதன்மையானது, பாசனம் அதற்கு அடுத்தது என்று கலிஃபோர்னியாவின் நீர்ச்சட்டம் எழுதி வைத்திருக்கிறது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இதற்கு மறுமொழி உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. நிலத்துக்குரியவனுக்கே அடியிலுள்ள நீரும் சொந்தம் என்று இங்கிலாந்து நீதிமன்றம் 1843இல் சொன்னது. நிலக்கரிச் சுரங்கம் ஒன்று பக்கத்து ஆலையின் கிணற்றை வற்றச் செய்த வழக்கு அது. அந்தக் கொள்கை இந்தியாவின் 1882ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டத்தில் நுழைந்தது. கலிஃபோர்னியா 1903இலேயே அதைத் தள்ளி, ஒரே நீருக்கு மேல் இருக்கும் நிலக்காரர்கள் பங்காளிகள் என்றது. ஆனால் பங்காளிகள் என்றாலும் உரிமை உரிமைதான். அவர்கள் சம்மதமின்றி நீதிமன்றம் நியாயம் என்ற பெயரில் அதை ஒதுக்கிவிட முடியாது என்று 2000ஆம் ஆண்டில் மொஹாவி பாலைவன வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆக, தோட்டக்காரர்கள் சம்மதிக்கும் கணக்கு ஒன்றுதான் விரைவில் நடக்கக்கூடிய கணக்கு. சண்டையிட்டிருந்தால் வழக்கு இருபது ஆண்டு நடக்கும், மோட்டாரும் இருபது ஆண்டு ஓடும். (தமிழ்நாட்டில் 2003இல் நிலத்தடி நீருக்கென ஒரு சட்டம் வந்து, 2013இல் சத்தமில்லாமல் நீக்கப்பட்டதை அறிந்தவர்கள் போரேகோவைக் குறை சொல்லச் சற்றுத் தயங்கவே வேண்டும்.)

தயங்கினாலும், சம்மதம் கேட்கப்பட்டவர்கள் யார் என்ற கேள்வி போவதில்லை. கிணறு வைத்திருப்பவர்கள். அந்தத் தோட்டங்களில் பழம் பறிப்பவர்களிடம் கிணறு இல்லை. மரங்கள் பிடுங்கப்படும்போது அவர்களுக்கு விற்பதற்கு எந்த உரிமையும் இல்லை.

பள்ளத்தாக்கின் தாழ்ந்த பகுதியில் நிற்கும் மெஸ்கீட் மரங்களிடமும் இல்லை. நம் ஊரில் எல்லாரும் சபிக்கிற சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய உறவு இது. அங்கே வந்தேறி, இங்கே பூர்வகுடி. கவீயா மக்கள் தலைமுறை தலைமுறையாக இதன் நெற்றுகளை இடித்து மாவாக்கி உண்டவர்கள். நீரைத் தேடி மிக ஆழத்துக்கு வேர் விடும் மரம். நீர்மட்டம் வேரைவிட வேகமாக இறங்கியதால் பெரும் தோப்பு பட்டுப்போயிற்று. எஞ்சியவை இன்னமும் நிலத்தடி நீரைத்தான் குடிக்கின்றனவா என்பதே விவாதப் பொருளாயிற்று. 2015க்கு முன் நேர்ந்த கேடுகளைச் சரிசெய்யும் கட்டாயம் இல்லை என்று 2014ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதால், முன்பே செத்த மரங்களுக்காக யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

என் யோசனை எளியது. எடுக்கக்கூடிய அளவு இவ்வளவு என்று முடிவானதும், வீடுகளுக்கான நீரை முதலில் தனியே வைத்துவிட வேண்டும். அடுத்து அந்தத் தோப்புக்கு ஒரு பங்கு. எஞ்சியதைத்தான் பங்காளிகள் தங்கள் பழைய உச்சங்களின்படி பிரித்துக்கொள்ளட்டும். உரிமை விற்கும்போது கிடைக்கும் தொகையில் ஒரு பகுதி, வேலை இழப்பவர்களைச் சேர வேண்டும். இதற்குத் தோட்டக்காரர்கள் சம்மதித்திருப்பார்களா? சம்மதிக்காமலும் போயிருக்கலாம். ஆனால் கேட்டுப் பார்ப்பதில் நட்டம் ஒன்றுமில்லை.

கீழே இறங்கி அந்தப் பச்சைச் சதுரங்களின் ஓரமாகப் போனேன். சில சதுரங்கள் இப்போது பச்சையாக இல்லை. நீர் உரிமையை விற்ற நிலத்தில் மரங்களை அகற்றி, புழுதி பறக்காமல் மண்ணைக் காக்க வேண்டும் என்பதும் உடன்பாட்டின் ஒரு விதி. அங்கே பாலைச்செடிகள் தாமாகத் திரும்பி வரப் பல பத்தாண்டுகள் ஆகும். விரைவில் வர வேண்டுமானால் கன்று நட்டு, முதல் ஓரிரு ஆண்டுகள் நீர் ஊற்ற வேண்டும்.