சட்டத்துக்கு இரண்டு தராசா?

வேறு நாட்டில் விற்பதற்கென்று செய்த காரை அமெரிக்காவுக்குள் கொண்டுவர வேண்டுமானால், அந்நாட்டுச் சட்டம் ஒரு நிபந்தனை விதிக்கிறது. அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளின்படி செய்யப்படாத வண்டியாயின், அதற்கு 25 வயது நிரம்பியிருக்க வேண்டும். இல்லையேல், சர்க்காரிடம் பதிவு பெற்ற இறக்குமதியாளர் அதை விதிக்கேற்பத் திருத்தித் தர வேண்டும்.

மில்லில் தறி ஓட்டுகிறவருக்கும் வயலில் நாற்று நடுகிறவருக்கும் இதில் என்ன இருக்கிறது? சட்டம் யாருக்கு வளைகிறது, யாரிடம் விறைக்கிறது என்ற பாடம் இருக்கிறது.

பாதுகாப்பு விதிகள் மக்களுக்கு வேண்டியவை. கார் முதலாளிகள் அவற்றை மனமுவந்து கொடுக்கவில்லை. கார்களின் ஆபத்தை 1965ல் அம்பலப்படுத்திய ரால்ப் நாடரின் பின்னால் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி துப்பறிவோரை ஏவியது. குட்டு வெளிப்பட்டு, அக்கம்பெனித் தலைவர் செனட் கமிட்டியின் முன் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அந்த 1966ம் ஆண்டில்தான் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது.

இறக்குமதிக் கதவு இறுகியது எப்போது? 1980களில் டாலரின் மதிப்பு ஏறியிருந்தது. அமெரிக்காவில் கொள்ளை விலைக்கு விற்ற ஜெர்மன் கார், ஜெர்மனியில் மலிவாகக் கிடைத்தது. சிறு வியாபாரிகள் அதை வாங்கி வந்து, விதிக்கேற்பத் திருத்தி விற்றார்கள். சிலர் திருத்தியது அரைகுறை என்பதும் உண்மையே. ஆனால் மெர்சிடிஸ் பென்ஸ் போன்ற கம்பெனிகளும் அவற்றின் ஏஜெண்டுகளும் சட்டசபைப் படியேறியது விபத்தை எண்ணி மட்டுமா? தங்கள் சந்தை பறிபோகிறது என்பதும் அவர்கள் கவலை. 1988ல் வந்த சட்டம் 25 ஆண்டு வேலியைப் போட்டது.

அந்த வேலியில் கோடீஸ்வரருக்குத் திட்டிவாசல் திறந்தது. அன்று மைக்ரோசாப்ட் அதிபராக இருந்த பில் கேட்ஸ் வாங்கிய போர்ஷே 959 கார், அமெரிக்க மோதல் சோதனைக்கு உட்படாததால் ஆண்டுக்கணக்கில் சுங்கத்தின் பிடியில் கிடந்தது. அத்தகைய கார்களுக்கு வழி கேட்டுப் பணக்காரர்கள் முயன்றார்கள். 1998ல் சட்டம் திருத்தப்பட்டது. தொழில்நுட்பச் சிறப்போ சரித்திரச் சிறப்போ உள்ள அபூர்வ வண்டியானால், காட்சிக்கென்று கொண்டுவரலாம். ஆண்டுக்கு 2,500 மைல் வரை ரோட்டிலும் ஓட்டலாம்!

விவசாயியின் வண்டிக்கு என்ன நேர்ந்தது? ஜப்பானில் 660 சிசி எஞ்சினுடன் ஓடும் குட்டி லாரி ஒன்று உண்டு. நீளம் 3.4 மீட்டர்தான். வைக்கோலும் விறகும் உரமும் சுமக்க ஏற்றது; விலையும் குறைவு. 25 வயது கடந்த இவ்வண்டிகளைச் சிறு விவசாயிகளும் கைத்தொழிலாளரும் மத்திய சட்டத்தின்படியே வரவழைத்தார்கள். சுங்கத்தைக் கடந்தும் பயனில்லை. ரோட் ஐலண்டு, ஜார்ஜியா முதலிய ராஜ்யங்கள் 2021 முதல் பதிவு தர மறுத்தன. கொடுத்த பதிவையும் சில இடங்களில் பறித்தன. காரணம் கேட்டால், பாதுகாப்பு!

குட்டி லாரி மோதலில் வலுவற்றது என்பது சரியே. ஆனால் சோதனைக்கு உட்படாத பந்தய வேகக் காருக்கு விலக்கு, மெதுவாகப் போகும் வைக்கோல் வண்டிக்குத் தடை என்றால், அங்கே எடை போடப்படுவது உயிரா, உடையவனின் மடிச்சீலையா?

டெக்சாஸ் ராஜ்யத்திலும் இதே தடை வந்தது. அங்கே வண்டிக்காரர்கள் ஒன்றுகூடினார்கள், மனுக் கொடுத்தார்கள், அதிகாரிகளை நேரில் கண்டு வாதாடினார்கள். 2024ல் மோட்டார் வாகன இலாகா இறங்கி வந்தது. பதிவு மீண்டும் கிடைத்தது.

விதியே வேண்டாம் என்பது நமது வாதமல்ல. ரோட்டில் நடக்கிற ஏழையின் உயிரைக் காக்க விதி வேண்டும், கண்டிப்பாக வேண்டும். அந்த விதி கோடீஸ்வரரின் காரையும் குடியானவரின் லாரியையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டும். தராசு தானாக நேராகாது. தட்டைப் பிடித்திருக்கும் கையைத் தட்டிக் கேட்டால்தான் நேராகும். டெக்சாஸ் வண்டிக்காரர்கள் கேட்டார்கள், பெற்றார்கள்.